பாறைக் கரையும் நிழற்படமும்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வெளிமாநிலங்களில் குடியேறிய நம்மவர்க்குச் சுற்றுலா என்று தனியே ஒன்று பெரும்பாலும் அமைவதில்லை. நம் பயணங்கள் எல்லாம் உறவினர் வீட்டை நோக்கியவையே. அண்ணன் மும்பையில் இருப்பான். தங்கை நாகபுரியில் இருப்பாள். மகளைப் புனாவில் கட்டிக் கொடுத்திருப்போம். ஒரு திருமணம், ஒரு வளைகாப்பு, ஒரு துக்கம் என்று ஏதேனும் ஒன்றை முன்னிட்டு மூட்டை கட்டுகிறோம். போகின்ற வீட்டுக்கு அருகே மலை இருந்தால் மலையைக் காண்கிறோம்; கடல் இருந்தால் கடலைக் காண்கிறோம். பையில் ஒரு காமிரா இருந்தால் படமும் எடுத்துக்கொள்கிறோம். அவ்வாறு நான் கண்ட ஒரு கடற்கரையைப் பற்றியும், அதைப் படம் எடுத்தபோது நான் செய்த ஒரு பிழையைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் கல்கத்தாவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்பவன். என் அக்கா மணமாகிச் சென்ற ஊர் விசாகப்பட்டினம். என் அத்தானுக்குத் துறைமுகத்தில் கணக்கர் வேலை. ஹௌராவிலிருந்து சென்னை செல்லும் மெயில் வண்டியில் பயணம் செய்தவர்கள் விசாகப்பட்டின நிலையத்தை மறந்திருக்க மாட்டார்கள். அங்கே எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவார்கள். அதுவரை முன்னே இருந்த பெட்டி பின்னதாகிவிடும்; வண்டி வந்த திசையிலேயே திரும்பிச் செல்வது போலத் தோன்றும். அந்த மாற்றத்துக்காக வண்டி நிற்கும் இருபது நிமிடந்தான் எங்கள் குடும்பத்தின் சந்திப்பு வேளை. அக்கா தூக்குப் பாத்திரத்தில் புளியோதரையும் தயிர்ச்சாதமும் கொண்டு வந்து மேடையில் நிற்பாள். அத்தான் கக்கத்தில் இடுக்கிய குடையோடு அவளுக்குப் பின்னே நிற்பார். மழையோ வெயிலோ, அந்தக் குடை இல்லாமல் நான் அவரைக் கண்டதில்லை. நலம் விசாரித்து முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடும். இப்படிப் பல ஆண்டுகள் கழிந்தன. அவர்கள் வீட்டில் தங்கி நாலு நாள் இருந்தது என் வாழ்நாளில் மூன்றே முறை.

அந்த ஊரின் கடற்கரை நாம் அறிந்த கடற்கரை போன்றதன்று. கடற்கரை என்றதும் நம் மனக்கண்ணில் எழுவது சென்னையைப் போன்ற, அல்லது நாகப்பட்டினத்தைப் போன்ற அகன்ற மணல்வெளிதான். மாமல்லபுரத்திலும் முட்டத்திலும் குமரிமுனையிலும் பாறைகள் உண்டெனினும், நம் கீழ்க்கரையின் பெரும்பகுதி தாழ்ந்த மணற்கரையே ஆகும். விசாகப்பட்டினத்திலோ கிழக்குத் தொடர்ச்சி மலையின் கிளைகள் கடலைத் தேடி வந்து அதன் விளிம்பிலேயே நின்றுவிட்டன. தெற்கே ஒரு குன்று நீருக்குள் நீண்டு நிற்கிறது. அதன் வடிவை நோக்கி 'டால்பின் மூக்கு' என்று பெயரிட்டார்கள். அந்த மூக்கு தரும் மறைவில்தான் 1933ஆம் ஆண்டு திறக்கப்பட்ட துறைமுகத்தின் கால்வாய் அமைந்திருக்கிறது. நகரத்தின் வடபுறத்தில் கைலாசகிரி என்னும் குன்று கரையோரமாகவே எழுகிறது. அதன் அடிவாரத்தில் சாலைக்கும் கடலுக்கும் இடையே கரும்பாறைகள் சிதறிக் கிடக்கின்றன. அக்காவின் வீடு அதற்கு அருகில். காலையில் நடந்து சென்றால் கால்மணி நேரத்தில் அலையோசை கேட்கும்.

அந்தப் பாறைக்கு நிலவியலார் இட்ட பெயர் 'கோண்டலைட்' என்பது. ஒரிசாவின் மலைகளில் வாழும் கோண்டு மக்களின் பெயரால் அமைந்தது அது. முன்னொரு காலத்தில் களிமண்ணாகவும் மணலாகவும் படிந்தவை பூமியின் ஆழத்துக்குள் அமிழ்ந்து, பெரும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி, ஏறக்குறைய நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பாறையாயின என்பர். அருகில் சென்று உற்று நோக்கினால் சிவந்த மணிகள் பதிந்திருப்பதைக் காணலாம். அவை கார்னெட் என்னும் கனிமம். கோனார்க்கின் சூரியன் கோயிலும் இக்கல்லினாலேயே கட்டப்பட்டது. கடற்காற்றுக்கு இக்கல் எளிதில் நைந்து போகும் என்பதற்கு அக்கோயிலின் தேய்ந்த சிற்பங்களே சான்று. எட்ட நின்று பார்க்கும்போது கருமையாகத் தோன்றும் பாறை, கைவைத்துப் பார்க்கும்போது துருப்பிடித்த இரும்பின் நிறமாக இருக்கும்.

அலை இந்தப் பாறையை ஒரே சீராக அரிப்பதில்லை. பாறையில் இயற்கையாகவே வெடிப்புகள் உண்டு. அவற்றுள் நீர் புகுந்து, உள்ளிருக்கும் காற்றை அழுத்தி, விலகும்போது அக்காற்றை விடுவிக்கிறது. இப்படி ஆயிரமாயிரம் முறை நிகழும்போது வெடிப்பு அகலுகிறது. மெலிந்த பகுதி உதிர்கிறது. வலிய பகுதி எஞ்சி நிற்கிறது. வடக்கே மங்கமாரிப்பேட்டைக்கு அருகில், இவ்வாறு குடைந்த பாறை ஒன்று வளைவாயில் போல நிற்கிறது. கடலே கட்டிய தோரணவாயில் அது. என்றோ ஒரு நாள் அதே கடல் அதை வீழ்த்தியும்விடும். மணலும் அப்படியே, ஒரு பருவத்தில் வந்து பாறையின் இடுப்பளவு மூடும், மறு பருவத்தில் அலை அதை வாரிக்கொண்டு போகும். ஆகவே ஒரே இடத்தில் ஆறு மாதம் கழித்து நிற்பவன், தான் வேறிடத்துக்கு வந்துவிட்டோமோ என்று மயங்கக்கூடும்.

1986ஆம் ஆண்டு தை மாதம் நான் முதன்முதலாக அங்கே தங்கச் சென்றேன். அப்போது எனக்குப் படம் எடுப்பதில் பெரும் பித்து. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பழைய காமிரா ஒன்று இருந்தது. உதகமண்டலத்தில் அந்நாளில் தயாராகிவந்த 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருள் இரண்டு கொண்டு போயிருந்தேன். ஒரு சுருளில் 36 படங்கள். இன்றுபோல் நூறு எடுத்துத் தொண்ணூற்றை அழிக்கும் வசதி அன்று இல்லை. ஒவ்வொரு படத்தையும் காசை எண்ணிச் செலவழிப்பது போலச் செலவழிக்க வேண்டும்.

நான்கு நாளும் விடியுமுன் எழுந்து புறப்பட்டேன். நான்கு நாளும் அத்தான் என்னோடு வந்தார். "ஊருக்குப் புதியவன், பாறையில் வழுக்கி விழுந்தால் உன் அக்காவுக்கு யார் பதில் சொல்வது?" என்பார். எந்தப் பாறையில் பாசி படர்ந்திருக்கும், எந்த இடுக்கில் அலை திடீரென்று பொங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. துறைமுகத்தில் சேர்ந்த நாள்முதல் காலையில் அங்கே நடப்பது அவர் வழக்கம். தட்டையான பாறை ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்து மீன்பிடிப் படகுகள் திரும்புவதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். நான் காமிராவைக் கண்ணில் வைக்கும்போதெல்லாம் அவர் எங்கேனும் படத்துக்குள் நின்றுகொண்டிருப்பார். "அத்தான், கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள், படத்தில் விழுகிறீர்கள்" என்பேன். அவர் சிரித்தபடியே விலகிக்கொள்வார். இப்படி எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை.

மனிதர் இல்லாத இயற்கையே தூய இயற்கை என்பது அந்த வயதில் என் கொள்கை. பாறையும் அலையும் வானமும் மட்டுமே படத்தில் இருக்கவேண்டும் என்று எண்ணினேன். கல்கத்தாவுக்குத் திரும்பி, குளியலறையையே இருட்டறையாக்கி அச்சிட்டேன். நண்பர்கள் மெச்சினார்கள். அவற்றுள் ஒரு படத்தைச் சட்டமிட்டு அக்காவுக்கு அனுப்பிவைத்தேன். அது அவள் வீட்டுக் கூடத்தில் பல ஆண்டுகள் தொங்கிற்று.

2012ஆம் ஆண்டு அத்தான் காலமானார். இரண்டாண்டு கழித்து, 2014 அக்டோபர் 12ஆம் நாள், 'ஹூட்ஹூட்' என்னும் புயல் அந்நகரின் மீதே கரையேறியது. கைலாசகிரி முதலிய குன்றுகளின் பசுமை ஒரே நாளில் அழிந்தது. அக்கா வீட்டுச் சன்னல் கண்ணாடிகள் உடைந்தன. மழைநீர் கூடத்துக்குள் புகுந்தது. நான் அனுப்பிய படமும், பெட்டியில் இருந்த வேறு சில படங்களும் நனைந்து கெட்டுப்போயின. அதைப்பற்றி அவள் அப்போது என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

2025ஆம் ஆண்டு மார்கழியில் மீண்டும் சென்றேன். அக்காவுக்கு இப்போது எண்பதைக் கடந்த வயது. மகன் குடும்பத்தோடு இருக்கிறாள். பேரனுக்கு வயது பதினொன்று. வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்குமாக வளர்கின்ற பிள்ளை. அவசரத்தில் இரண்டும் கலந்து வரும். "தாத்தா, நானும் வருகிறேன்" என்று அவன் முதல் நாளே ஒட்டிக்கொண்டான். இப்போது என்னிடம் சுருள் காமிரா இல்லை. எண்ணியல் காமிரா இருக்கிறது. அவனிடம் அவன் தந்தையின் கைப்பேசி. இருவருமாக விடியற்காலையில் கிளம்பினோம்.

பாறைக் கரையைப் படம் எடுக்க விரும்பும் அன்பர்களுக்கு என் அனுபவத்தில் கண்ட சில குறிப்புகளை இங்கே சொல்லிவிடுகிறேன். முதலாவது, வெளிச்சம். நடுப்பகலில் பாறை வெறும் கருங்குவியலாகத் தெரியும். கதிரவன் தாழ்ந்திருக்கும்போதுதான் ஒளி பக்கவாட்டில் விழுந்து, ஒவ்வொரு வெடிப்பையும் மேட்டையும் எடுத்துக்காட்டும். மார்கழி, தை மாதங்களில் கதிரவன் தென்கிழக்கே சாய்ந்து உதிக்கிறது. விசாகப்பட்டினத்தின் கரையும் தென்கிழக்கை நோக்கியது. ஆகையால் அம்மாதங்களில் ஆறரை மணிக்குச் சற்றுமுன் அது கடலின் மேலேயே நேராக எழக் காணலாம். கரையோரமாக வடகிழக்கு நோக்கி நின்றால், கடலும் ஒளியும் வலப்புறத்தில் அமையும். அதுவே எனக்கு உகந்த நிலை.

இரண்டாவது, கடலின் ஏற்றமும் வற்றமும். அக்கரையில் நாள்தோறும் இருமுறை நீர் ஏறுகிறது; இருமுறை வற்றுகிறது. இன்று ஏறிய நேரத்துக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் கழித்தே நாளை ஏறும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி வேறுபாடு மிகுதி. வற்றத்தின்போது பாறையிடுக்குகளில் குளங்கள் தங்கும். நண்டும் சிறு மீனும் பாசியும் படத்துக்குக் கிடைக்கும். ஏறும்போது அலை மோதிச் சிதறும் காட்சி கிடைக்கும். எது வேண்டும் என்று முன்னதாகவே முடிவு செய்துகொண்டு போவது நலம்.

மூன்றாவது, நுரையின் வெண்மையும் பாறையின் கருமையும். இவ்விரண்டையும் ஒருங்கே காட்டுவது காமிராவுக்கு எளிதன்று. இருண்ட பாறையைக் கண்டு அது தானாகவே மிகுந்த ஒளியை ஏற்றுக்கொள்ளும். நுரை வெறும் வெள்ளைத்தாள் போல ஆகிவிடும். ஆகையால் ஒளியைச் சற்றுக் குறைத்து, நுரையின் இழைகளைக் காப்பாற்ற வேண்டும். நொடியில் ஐந்நூற்றில் ஒரு பங்கு நேரம் திறந்தால் துளிகள் அந்தரத்தில் நிற்கும். அரை நொடி திறந்தால் நீர் பனிமூட்டம் போல் படியும். ஆனால் முக்காலி வேண்டும். அடிவானக் கோடு சாயாமல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். கடல் சாய்ந்த படம் எத்தனை அழகாயினும் கண்ணை உறுத்தும். வீடு திரும்பியதும், நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் காமிராவின் உடலைத் துடைத்து உலரவிட வேண்டும். உப்பு பொல்லாதது.

நான்காவதாகச் சொல்வதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். கடலுக்கு ஒருபோதும் முதுகைக் காட்டக்கூடாது. பாறையில் இறங்குமுன் பத்து நிமிடம் நின்று அலையைக் கவனிக்க வேண்டும். சிறிய அலைகள் பல வந்தபின் பெரியது ஒன்று வரும். ஒரு காலை, நான் குனிந்து ஒரு குளத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். "தாத்தா, அல வஸ்தோந்தி!" என்று பையன் கூவினான். அலை வருகிறது என்பதை அவன் தெலுங்கில் சொன்னான். 'அல' என்பதும் நம் 'அலை'தானே. மொழி பெயர்க்க நேரம் இருந்ததுமில்லை, தேவைப்பட்டதுமில்லை. பின்வாங்கினேன்; முழங்கால்வரை நனைந்ததோடு தப்பினேன். அத்தான் இருந்திருந்தால் அங்கே என்னைக் குனியவே விட்டிருக்க மாட்டார் என்று அப்போது தோன்றிற்று. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். அந்நகரம் கடற்படைத் தளமும் ஆகும். கடற்படைக்குரிய இடங்களையும், தடை எழுதிய பலகை உள்ள இடங்களையும் படம் எடுத்தல் ஆகாது.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் கரையோரச் சாலையில் வடக்கே சென்றோம். தொட்லகொண்டா என்னும் குன்றின்மேல் பழம் பௌத்தப் பள்ளி ஒன்றின் இடிபாடுகள் உள்ளன. 1976ஆம் ஆண்டு கடற்படையினர் அப்பகுதியை ஆராய்ந்தபோது வெளிப்பட்டது அது. பாறையில் வெட்டிய நீர்த்தொட்டிகளால் அக்குன்றுக்கு அப்பெயர் வந்தது. தொட்டி என்ற சொல் நமக்கும் உரியதே. துறவிகள் அங்கிருந்து கடலைப் பார்த்தபடி வாழ்ந்திருக்கிறார்கள்.

அதற்கும் வடக்கே, பீமுனிப்பட்டினத்துக்குச் சற்று முன்பாக, 'எர்ர மட்டி திப்பலு' என்னும் செம்மண் மேடுகள் இருக்கின்றன. மழைநீர் அவற்றை அறுத்து ஆழ்ந்த பள்ளங்களாக்கியிருக்கிறது. மணலின் ஒவ்வொரு பரலையும் இரும்புத் துரு பூசிச் சிவக்கச் செய்திருக்கிறது. 2025 செப்டம்பரில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனத்தின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இம்மேடுகளும் சேர்க்கப்பட்டன. அங்கே நின்றபோது எனக்கு நம் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடு நினைவுக்கு வந்தது. அது வெறும் மயக்கமன்று. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளின் தேரி, இந்தச் செம்மேடுகள், இலங்கையின் செம்மணல் மேடுகள் ஆகியவற்றை ஓரினமாகவே அறிஞர்கள் வைத்துப் பேசுகிறார்கள். கோஸ்தனி ஆறு கடலில் கலக்கும் பீமுனிப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகள் உண்டு. வாணிகத்துக்காகக் கடல் கடந்து வந்து, திரும்பாமலே அங்கே கிடக்கிறவர்களின் பெயர்களைக் கல்லில் காணலாம். பிறந்த ஊரை விட்டு வந்தவன் எவனும் அக்கற்களைக் கடந்துபோகச் சற்று நேரமாகும்.

மூன்றாம் நாள் இரவு, எடுத்த படங்களை அக்காவுக்குக் காட்டினேன். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு, "ஏண்டா, நீ என்னைப் பார்க்க வந்தாயா, கல்லைப் பார்க்க வந்தாயா?" என்றாள். வீட்டார் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சற்றுப் பொறுத்து, "முன்னே வந்தபோது எடுத்தாயே, அந்தப் படங்களில் எதிலாவது அவர் இருக்கிறாரா?" என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியும். ஆயினும் உடனே சொல்ல நா எழவில்லை. கூடத்துச் சுவரில் மாலையிட்ட படம் ஒன்று இருந்தது. அதைக் காட்டினேன். "அது அலுவலக அடையாளச் சீட்டுக்காக எடுத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் ஒருநாளும் அவர் முகம் அப்படி இருந்ததில்லை. கல்யாணப் படம் புயலில் போய்விட்டது. கடற்கரையில் இருக்கிற மாதிரி ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும். காலையில் அங்கே போய் வந்தால்தான் அவருக்கு அந்த நாள் நாளாக இருக்கும்" என்றாள். "தேடிப் பார்க்கிறேன் அக்கா" என்றேன். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எழுபத்திரண்டு படங்கள் எடுத்தவன், நாலு நாளும் என் பின்னாலேயே நடந்த மனிதரை ஒன்றில்கூட நிற்கவிடாமல் விலக்கி விலக்கி வைத்திருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே விலகியதுதான் திரும்பத் திரும்பக் கண்முன் வந்தது.

மறுநாள் நான் புறப்படும் நாள். விடிந்ததும் அக்காவை ஆட்டோவில் ஏற்றிக் கடற்கரைச் சாலைக்கு அழைத்துச் சென்றேன். படிகளில் இறங்க அவளால் இயலாது. மேலே கைப்பிடிச் சுவரின் அருகே நின்று, "அதோ அந்தத் தட்டைப் பாறைதான்" என்று காட்டினாள். பேரன் ஓடிப்போய் அதன்மேல் நின்றான். மணல் பாதி மூடியிருந்தது. ஆனாலும் அதே பாறை. முன்புறத்தில் அக்கா, பின்னே பாறையும் பையனும் கடலும் அமையும்படி படம் எடுத்தேன். பையன் நின்ற பிறகுதான் அந்தப் பாறை எத்தனை பெரியது என்பதே படத்தில் தெரிந்தது. மனிதன் நில்லாத பாறைக்கு அளவு கிடையாது. அது கூழாங்கல்லாகவும் இருக்கலாம், குன்றாகவும் இருக்கலாம். நாற்பது ஆண்டு படம் எடுத்தும் இச்சிறு உண்மை எனக்கு எட்டாமல் இருந்தது.

கல்கத்தாவுக்குத் திரும்பியதும் பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். வங்காளத்தின் ஈரக்காற்றில் பழஞ்சுருள்களில் பூஞ்சை படர்வது வழக்கம். பல நெகடிவுகள் புள்ளி விழுந்து கெட்டிருந்தன. விசாகப்பட்டினச் சுருள்கள் இரண்டும் ஓரளவு பிழைத்திருந்தன. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பாறை, அலை, மறுபடியும் பாறை. அத்தான் எங்கும் இல்லை. சட்டமிட்டு அனுப்பியிருந்தேனே, அந்தப் படத்தின் நெகடிவையும் கடைசியாகப் பார்த்தேன். அதன் கீழோரத்தில், நான் அச்சிடும்போது வெட்டி நீக்கிவிட்ட பகுதியில், ஒரு நிழல் கிடந்தது.

அன்று நடந்தது நினைவுக்கு வந்தது. ஒதுங்கச் சொன்னதும் அவர் வலப்புறமாக, கடற்பக்கமாக விலகி நின்றார். உதித்துச் சிறிது நேரமே ஆகியிருந்த கதிரவன் அவருக்குப் பின்னே இருந்தது. அவர் படத்துக்கு வெளியே போனாலும், அவருடைய நீண்ட நிழல் தட்டைப் பாறையின்மேல் குறுக்காக விழுந்துவிட்டது. அன்று அது எனக்குக் குற்றமாகத் தோன்றிற்று. அதனால்தான் அந்த ஓரத்தையே வெட்டினேன்.

நெகடிவை ஸ்கேனரில் இட்டு முழுமையாக எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். வேட்டியின் ஓரம் காற்றில் பறப்பது நிழலில் தெரிந்தது. ஒரு கையை நெற்றிக்கு மேல் வைத்துப் படகுகளை நோக்குவது போல நின்றிருந்தார். மறு கக்கத்தில் இடுக்கிய குடை பின்புறமாக நீண்டிருந்தது. முகம் இல்லை, ஆயினும் வேறொருவர் என்று யாரும் சொல்ல முடியாது. நம் மொழியில் போட்டோவுக்கு நிழற்படம் என்றொரு பெயர் உண்டு. அச்சொல்லை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதன் முதற்பாதியை அன்றுதான் படித்தேன்.

படத்தை வெட்டாமல் அச்சிட்டு, அக்காவும் பேரனும் இருந்த படத்தோடு சேர்த்து அஞ்சலில் அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து அவள் தொலைபேசியில் அழைத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாளாம். "அன்றைக்கும் அந்தக் குடையை விடவில்லை, பார்" என்றாள். பிறகு சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. "இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டச் சொல்லியிருக்கிறேன்; அதே பாறை அல்லவா? இதற்கு மாலை போடப்போவதில்லை" என்றாள்.

அன்பர்களே, என் பிழை ஒருவாறு திருந்தியது தற்செயலாகத்தான். கதிரவன் இன்னும் சற்று உயர ஏறியிருந்தால் அந்த நிழலும் கிடைத்திராது. பூஞ்சை இன்னும் சற்றுப் படர்ந்திருந்தால் நெகடிவும் எஞ்சியிராது. உங்களுள் பலர் இந்த விடுமுறையில் உறவினர் வீடுகளுக்குப் புறப்படுவீர்கள். கொங்கணத்துப் பாறைகளையோ, வர்க்கலைச் செங்குன்றுகளையோ, தீவுத் திடல்களையோ படம் எடுப்பீர்கள். தாராளமாக எடுங்கள்; அவை எடுக்கத்தக்கவையே. அதிகாலையில் எழுந்து செல்லுங்கள், கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள், அடிவானம் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் துணையாக வழிகாட்டி வருகிறவர் படத்தில் விழுந்தால், விழட்டும்; அவரை ஒதுங்கச் சொல்ல வேண்டாம். வீட்டுக்கு வந்தபின் அந்தப் படங்களில் இரண்டொன்றையேனும் தாளில் அச்சிட்டு, அவ்வீட்டுப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டு வண்டி ஏறுங்கள்.